ஆங்கிலப் பேராசிரியர் வேலை: வாசகர் கேள்வி–பதில்

ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுக் கல்லூரியில் பாடம் நடத்தும் வேலையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்தவை. மதுரையில் நீண்ட காலமாக ஆங்கிலம் கற்பித்துவரும் பேராசிரியை ஒருவர் பதில் சொல்கிறார். கேட்டவர்கள் பலர் பெயர் வேண்டாம் என்றதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

மேடம், பி.ஏ. ஆங்கிலம் மூன்றாம் வருடம் படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. கல்லூரியில் வாத்தியாராக வேண்டும் என்று ஆசை. ஒருத்தர் எம்.ஃபில். போடு என்கிறார், இன்னொருத்தர் பிஎச்.டி. இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள் என்கிறார். யாரை நம்புவது? — உசிலம்பட்டி வாசகர்

எம்.ஃபில். சொன்னவர் பழைய கணக்கில் இருக்கிறார் தம்பி. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையோடு அந்தப் படிப்பை நிறுத்திவிட்டார்கள், இனிமேல் அதில் காசையும் வருடத்தையும் போடாதீர்கள். பிஎச்.டி. சொன்னவர் மேல் தப்பில்லை, ஏனென்றால் விதி அப்படித்தான் அங்கேயும் இங்கேயும் போய் வந்தது. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராகச் சேர பிஎச்.டி. கட்டாயம் என்று 2018-ல் சொன்னார்கள், 2021 ஜூலையில் நடைமுறைக்கு வரும் என்றார்கள், கொரோனாவைக் காரணம் காட்டி 2023 ஜூலைக்குத் தள்ளினார்கள், அந்தத் தேதி வந்தபோது விதியையே மாற்றி, நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி போதும், பிஎச்.டி. இருந்தால் நல்லது என்று முடித்துவிட்டார்கள்.

ஆக, உங்களுக்குத் தேவை எம்.ஏ.வில் 55 விழுக்காடு. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத் திறனாளிகளுக்கு 50 போதும். அதற்கு மேல் நெட் அல்லது செட். செட் நம் மாநிலத்துக்குள் மட்டும் செல்லும், நெட் நாடு முழுக்கச் செல்லும். எம்.ஏ. கடைசி வருடத்தில் இருக்கும்போதே நெட் எழுதலாம், முடித்துவிட்டுத்தான் எழுதணும் என்று நினைத்து நிறையப் பேர் இரண்டு வருடம் வீணாக்குகிறார்கள். இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், ஒரே மூச்சில் மூன்று மணி நேரம், தப்பான பதிலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே கிடையாது. ஆனால் எழுதுகிறவர்களில் 6 விழுக்காடு பேர்தான் தேறுவார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் இன்னும் மேலே போனால் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கும். பிஎச்.டி. சேர்ந்தபிறகு முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். நம் மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி செய்ய அதுதான் பெரிய வழி.

படிப்பது எப்படி என்றால், கைடு புத்தகத்தை மனப்பாடம் செய்து இதைத் தாண்ட முடியாது. ஆங்கிலத் தாளில் நாடகம், கவிதை, புனைவு மட்டுமல்லாமல் மொழி கற்பித்தல், இந்தியாவில் ஆங்கிலம் வந்த வரலாறு, இலக்கியக் கோட்பாடு, ஆய்வு முறை என்று பத்துப் பகுதிகள் இருக்கின்றன. நம் பி.ஏ. பாடத்திட்டத்தில் கோட்பாடும் மொழியியலும் கொஞ்சமாகத்தான் வரும். அந்த இரண்டையும் இந்த வருடமே தொடங்கிவிடுங்கள்.

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தால் நெட் எழுத விடுவார்களா? பகலில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறேன். — சோழவந்தான் வாசகி

விடுவார்கள். நீங்கள் சேரும் வருடத்தில் அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் சொல்வதைக் கேட்டுச் சேராதீர்கள்.

வாரத்துக்குப் பதினாறு மணி நேரம்தான் பாடமாமே, மீதி நேரமெல்லாம் ஓய்வறையில் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இத்தனை சம்பளமா? — திருமங்கலம் வாசகர்

உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரம், அதற்கு மேல் உள்ளவர்களுக்கு 14 மணி நேரம் நேரடி வகுப்பு என்பது யு.ஜி.சி. கணக்கு. கல்லூரியில் இருக்க வேண்டியது வாரம் 40 மணி நேரம். அந்த மீதி நேரம் எங்கே போகிறது என்று கேட்கிறீர்கள். விடைத்தாள், அசைன்மென்ட், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் மாதக்கணக்கில் ஃபைல், மாணவர் வழிகாட்டி வேலை, ஆய்வு மாணவர்கள். இதையெல்லாம் எல்லாத் துறைக்காரர்களும் செய்கிறார்கள், அதை விடுங்கள். ஆங்கிலத் துறைக்கு மட்டும் உள்ள ஒரு வேலையைச் சொல்கிறேன், அதைப் புரிந்துகொண்டால்தான் இந்த உத்தியோகம் என்னவென்று தெரியும்.

நம் மாநிலக் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று அவரவர் முதன்மைப் பாடம். வேதியியல் படித்தாலும் வரலாறு படித்தாலும் பகுதி இரண்டு எல்லாருக்கும் உண்டு. அதை நடத்துவது நாங்கள். அதாவது ஆங்கிலப் பேராசிரியர் ஒருவரின் வாரத்தில் எம்.ஏ. வகுப்பில் நின்று மில்டனையும் வர்ஜீனியா வுல்ஃபையும் பேசும் நேரம் கொஞ்சம்தான். பெரும்பகுதி நேரம் அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருக்கும் பொது ஆங்கில வகுப்பில்தான் போகும். இலக்கியம் படித்துவிட்டு இங்கே வருகிறவர்கள் பலர் அந்த வகுப்பைத் தண்டனை மாதிரி நினைக்கிறார்கள், சீனியர்கள் அதைப் புதிதாக வந்தவர்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் கடுமையான வருத்தம் உண்டு. துறையிலேயே அனுபவம் கூடியவர் நிற்க வேண்டிய இடம் அது.

முதல் வருட வகுப்புக்கு வருகிறவர்கள் யார்? பேரையூர், டி.கல்லுப்பட்டி, எழுமலை, வாடிப்பட்டி, மேலூர் என்று நாலாப்பக்கமும் இருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைகள். பன்னிரண்டு வருடம் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்துத் தேர்ச்சியும் பெற்றவர்கள். ஆனாலும் உன் பெயரையும் ஊரையும் ஒரு வாக்கியத்தில் சொல்லு என்று எழுப்பிவிட்டால் எழுந்து நிற்பார்கள், வாய் திறக்காது. அது மக்குத்தனம் கிடையாது. அந்தப் பிள்ளைகள் அத்தனை வருடமும் ஆங்கிலத்தை எழுதித்தான் பார்த்திருக்கிறார்கள், பேசும்போது தப்பு வந்தால் சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள் என்று மட்டும் பழகியிருக்கிறார்கள். முதலில் அந்தப் பயத்தை எடுக்கணும். அதற்கு முன்னால் இலக்கணம் ஏறாது.

நான் முதல் வாரம் புத்தகத்தைத் திறக்க விடமாட்டேன். காலையில் எழுந்ததிலிருந்து இங்கே வந்து சேரும் வரை என்ன நடந்தது என்று சொல்லச் சொல்வேன், தெரியாத இடத்தில் தமிழைப் போட்டுச் சொல்லலாம், நடுவில் நான் திருத்தமாட்டேன். உசிலம்பட்டி ரோட்டுப் பக்கம் இருந்து வரும் பிள்ளைகளில் சிலர் விடியும் முன்னாலேயே மல்லிகை மொட்டு பறித்துக் கொடுத்துவிட்டு, குளித்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் பஸ் ஏறி வருகிறவர்கள். மொட்டு ஏன் விரிவதற்கு முன்னால் பறிக்கணும், சந்தையில் விலை எப்படி ஏறி இறங்கும் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும், வகுப்பில் வேறு யாருக்கும், எனக்கும், அந்த அளவுக்குத் தெரியாது. தனக்கு முழுசாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லும்போது மொழி தானாகவே முட்டி மோதி வெளியே வரும். அதையே பத்து வரியாக எழுத வைப்பேன். அப்புறம் மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பற்றி ஒரு ஆங்கிலப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். பாதிச் சொற்கள் புதுசாக இருந்தாலும் விஷயம் தெரிந்ததால் ஊகித்துவிடுவார்கள். அந்த ஊகிக்கும் துணிச்சல் வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். பருவம் முடியும்போது பஸ் நேரத்தை மாற்றித் தரச் சொல்லி டிப்போவுக்கு ஒரு கடிதம், கல்விக் கடன் கேட்டு வங்கிக்கு ஒரு கடிதம், இரண்டையும் யார் உதவியும் இல்லாமல் எழுதிவிடுவார்கள்.

ஆளுக்கு ஒரு பக்கம் என்றாலும் எழுபது பேர் எழுதியதை வாசித்து ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு திருத்தம் மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுக்கணும். முழுக்கச் சிவப்பு மையாகப் போட்டால் பிள்ளை அடுத்த முறை எழுதாது. எந்த இரண்டைத் திருத்துவது என்று தேர்ந்தெடுப்பதற்குத்தான் நாங்கள் படித்த மொழியியல் எல்லாம் உதவுகிறது. அய்யா, ஓய்வறையில் டீயோடு எங்களைப் பார்த்தால் பக்கத்தில் அந்தக் கட்டும் இருக்கும், பாருங்கள்.

சுயநிதிக் கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். வகுப்பில் தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும் துறைத்தலைவர் கூப்பிட்டுக் கண்டிக்கிறார். தமிழே இல்லாமல் நடத்தினால் பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்கிறார்கள். என்ன செய்ய? — மேலூர் பக்கத்து விரிவுரையாளர்

தமிழில் நடத்தாதீர்கள், தமிழைப் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கவிதையை வரிக்கு வரி தமிழில் சொல்லிவிட்டுப் போனால் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கேட்கவே மாட்டார்கள். அதே நேரம் ஆங்கிலத்தில் வினைச்சொல் நடுவில் வருகிறது, நாம் கடைசியில் போடுகிறோம், நாம் வேற்றுமை உருபை ஒட்டிச் சொல்லும் இடத்தில் அவர்கள் தனிச் சொல்லை முன்னால் வைக்கிறார்கள் என்பதை எல்லாம் ஒரு தமிழ் வாக்கியத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும், ஆங்கிலத்திலேயே விளக்கினால் பத்து வாரம் ஆனாலும் புரியாது. பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு முழு மொழியோடு வகுப்புக்கு வருகிறது, அதைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வா என்பது கல்வி ஆகாது.

துறைத்தலைவரிடம் சண்டை வேண்டாம். பருவத் தொடக்கத்தில் எல்லாரையும் ஒரு பத்தி எழுத வைத்து வாங்கி வையுங்கள், கடைசியில் அதே மாதிரி இன்னொரு பத்தி. இரண்டையும் அவர் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அவருக்கும் தேர்ச்சி விழுக்காடு வேண்டும், அதனால் பார்ப்பார்.

மகள் எம்.ஏ. ஆங்கிலம் போய்க் கல்லூரி வேலைக்கு வரவேண்டும் என்கிறாள். சொந்தக்காரர்கள் பி.எட். போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனால் நிலையான வருமானம் என்கிறார்கள். நான் விவசாயம், பெரிதாகச் சொத்து இல்லை. நீங்களே சொல்லுங்கம்மா. — செக்கானூரணி வாசகர்

உங்கள் நிலைமையில் நான் இருந்தாலும் இதே கவலைதான் படுவேன் அண்ணே. கணக்கை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரியின் உதவி பெறும் பிரிவு, பல்கலைக்கழகம், இவற்றில் நிரந்தர உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. பேராசிரியர் நிலைக்குப் போனால் அடிப்படை 1,44,200. ஊரில் பேசுகிற சம்பளம் இதுதான். ஆனால் அந்த இடங்கள் வருடா வருடம் நிரப்பப்படுவதில்லை. அரசுக் கல்லூரிகளுக்கு 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு விட்டது, அந்த ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. இப்படித்தான் இருக்கும். அதுவரை பிள்ளைகள் சுயநிதிப் பிரிவிலோ, தற்காலிகமாக எடுக்கும் கௌரவ விரிவுரையாளராகவோ இருப்பார்கள், அங்கே வருமானம் நான் சொன்னதில் பாதியைக்கூடத் தொடாது.

அதனால் மகளை எம்.ஏ. சேர்த்துவிடுங்கள், இரண்டு வருடம் நெட்டுக்கு முழு மூச்சாகப் படிக்க விடுங்கள். பிறகு பி.எட். போடட்டும், அதுவும் இரண்டு வருடம். எம்.ஏ.வோடு பி.எட். இருந்தால் மேல்நிலைப் பள்ளிக்கு முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம், நெட் இருந்தால் கல்லூரிக் கதவும் திறந்தே இருக்கும். ஒன்றை எடுத்தால் இன்னொன்று போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்னொன்று, எந்த நிர்வாகமாக இருந்தாலும் வேலைக்காகப் பணம் கேட்டால் நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ கொடுக்காதீர்கள். கொடுத்த பணம் திரும்பி வராமல் நிற்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். நெட்டும் பிஎச்.டி.யும் இருக்கிறது. மாதம் 25,000, மே மாதம் சம்பளம் இல்லை. நிரந்தர ஆசிரியர் எடுக்கும் அதே வகுப்பை நானும் எடுக்கிறேன். இருப்பதா, விடுவதா? — பெயர், ஊர் வேண்டாம்

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. யு.ஜி.சி. 2019-லேயே கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு வருவது அதில் பாதி. தகுதி குறைவு என்றால் சொல்லலாம், நீங்களோ கேட்ட தகுதி எல்லாம் வைத்திருக்கிறீர்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு யார் நிரந்தரம், யார் கௌரவம் என்று தெரியாது, இருவரும் அதற்கு ஆசிரியர்கள்தான். இது அநியாயம், இதை நிரந்தரப் பணியில் இருக்கிற எங்களைப் போன்றவர்கள்தான் உரக்கச் சொல்லணும். சங்கக் கூட்டங்களில் எங்கள் அகவிலைப்படிக்கு எழும் குரல் உங்களுக்காக எழுவதில்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுப்பவும் செய்கிறேன்.

இருப்பதா விடுவதா என்று நான் முடிவு சொல்லக் கூடாது, உங்கள் வீட்டு அடுப்பு எனக்குத் தெரியாது. சில காரியங்களை மட்டும் செய்துவிடுங்கள். வருடா வருடம் தரும் பணி ஆணை, சம்பளம் வரவு வைத்த வங்கிக் கணக்கு விவரம், அனுபவச் சான்றிதழ், இவற்றை முதல்வர் மாறுவதற்கு முன்னாலேயே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து யாரும் தேடித் தரமாட்டார்கள். உங்கள் பாடத்தில் வாரியத் தேர்வுக்கான படிப்பை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். உடன் வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர் சேர்ந்து படியுங்கள், தனியாகப் படித்தால் இந்த அலுப்பில் முடியாது. வெளிமாநில மத்தியப் பல்கலைக்கழகங்கள், கேந்திரிய வித்யாலயா என்று வெளியேயும் விண்ணப்பம் போடுங்கள். மதுரையை விட்டுப் போக மனசு வராது, தெரியும். ஆனாலும் போடுங்கள்.

ஆங்கிலத்தை வெள்ளைக்காரன் நம் தலையில் கட்டினான். அவன் போய் இவ்வளவு காலம் ஆன பிறகும் ஷேக்ஸ்பியரை ஏன் கட்டி அழுகிறீர்கள்? — அலங்காநல்லூர் வாசகர்

கோபம் நியாயமானது, எனக்கும் அந்த வரலாறு வலிக்கும். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-ல். ஆக்ஸ்போர்டில் ஆங்கில இலக்கியத்துக்கு என்று தனித் துறைப் படிப்பு வந்தது 1894-ல்தான். அவர்கள் ஊர்ப் பெரிய பல்கலைக்கழகத்தில் பாடமாவதற்கு முன்னாலேயே இங்கே நம் பிள்ளைகள் அதைப் படித்துப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள், ஆள உதவும் ஆட்களைத் தயாரிக்க.

ஆனால் இன்றைய ஆங்கிலத் துறைக்குள் வந்து பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதிய இந்தியக் கவிஞர் ஏ.கே. ராமானுஜன் வைகையைப் பற்றி எழுதிய ‘எ ரிவர்’ கவிதையை நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். வெள்ளம் வந்தால் பழைய புலவரும் பாடினார், புதுப் புலவரும் அதையே பாடினார், அந்த வெள்ளத்தில் அடித்துப்போன கர்ப்பிணிப் பெண்ணைப் பற்றி யாரும் பாடவில்லை என்று அந்தக் கவிதை மதுரைக்காரர்களைப் பார்த்துக் கேட்கிறது. ஏ.வி. பாலத்தில் வற்றிய ஆற்றைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் வந்த பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டார்கள். எங்கள் ஊரைக் குறை சொல்ல இவர் யார் என்று ஒருவன் எழுந்தால், அவர் சொல்வதில் என்ன தப்பு, கள்ளழகர் இறங்கும் நாளுக்குத் தண்ணீர் திறக்கிறோம், மீதி நாளில் சாக்கடைதானே ஓடுகிறது என்று ஒருத்தி எழுவாள். அதே ராமானுஜன் 1967-ல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார், உலகம் சங்கப் பாட்டைப் படித்தது. தலித் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ 2000-ல் ஆங்கிலத்தில் வந்தது, இன்று அது எத்தனையோ பல்கலைக்கழகங்களில் பாடம். ஷேக்ஸ்பியரும் இருக்கட்டும் அய்யா. சேக்கிழாரும் ஷேக்ஸ்பியரும் படித்த பிள்ளைக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஒருவர் மட்டும் போதும் என்று யார் சொன்னாலும், எந்தப் பக்கம் நின்று சொன்னாலும், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பிஎச்.டி. சேரப் போகிறேன். கைடு தேர்ந்தெடுப்பது, தலைப்பு தேர்ந்தெடுப்பது பற்றிச் சொல்லுங்கள் மேடம். — வாடிப்பட்டி வாசகி

கைடாக, அதாவது ஆய்வு நெறியாளராக, இருக்கும் பேராசிரியர் 8 ஆய்வு மாணவர்கள், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அப்புறம் அவரிடம் ஏற்கெனவே படிக்கிற பெண்களிடம் போய்த் தனியாகப் பேசுங்கள். எழுதிக் கொடுத்ததை எத்தனை நாளில் படித்துத் தருகிறார், மரியாதையாக நடத்துகிறாரா, வீட்டு வேலை, சொந்த வேலை வாங்குகிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். குறைந்தது மூன்று வருடம், ஆறு வருடம் வரைகூடப் போகும் படிப்பு இது, பெரிய பெயரை மட்டும் பார்த்துப் போய்ச் சிக்கிக்கொள்ளக் கூடாது.

தலைப்புக்கு ‘சோத்கங்கா’ தளத்தைத் திறந்து பாருங்கள், நாடு முழுக்க எழுதிய ஆய்வேடுகள் அங்கே இருக்கின்றன. ஒரே நாவலாசிரியரைப் பற்றி, ஒரே பெண்ணியப் பார்வை என்று வரிசையாக அடுக்கி இருப்பதைப் பார்த்தால் அங்கே போகவே தோன்றாது. நம் காலடியில் எவ்வளவு கிடக்கிறது! அமெரிக்கன் மதுரை மிஷன் 1834-லேயே இங்கே வந்துவிட்டது, அவர்கள் பள்ளிகளில் ஆங்கிலம் எப்படிக் கற்பித்தார்கள் என்பதைத் தோண்டலாம். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்கிற பிள்ளைகள் மதுரையில் ஏராளம், அவர்கள் ஆங்கிலத்தை எப்படிக் கற்கிறார்கள் என்று ஆராயலாம். இவை நீங்கள் பஸ்ஸில் போய்ச் செய்யக்கூடிய ஆய்வுகள்.

கட்டுரை வெளியிடுவதில் கவனம். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டாயம் கட்டுரை போட்டிருக்க வேண்டும் என்ற யு.ஜி.சி. நிபந்தனை 2022 விதியில் எடுக்கப்பட்டுவிட்டது, உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று பாருங்கள். எந்த ஆய்விதழ்களை ஏற்கலாம் என்று சொல்லிவந்த யு.ஜி.சி.யின் கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு போய்விட்டது. இதைச் சாக்காக வைத்து, பணம் கட்டினால் வாரத்தில் அச்சில் வரும் என்று செய்தி அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள், பக்கமே போகாதீர்கள். ஆய்வேட்டை எழுதித் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தவர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 விழுக்காட்டுக்குள் இருக்கணும் என்ற விதியைவிடப் பெரிய விஷயம், நாளை ஒரு மாணவி உங்களிடம் வந்து ஆய்வு எப்படிச் செய்வது என்று கேட்பாள் என்பது.

மாணவர்கள் அசைன்மென்ட்டை ஏ.ஐ.யில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? — மதுரை, கல்லூரி ஆசிரியை

கண்டுபிடிக்கிற வேலையில் இறங்காதீர்கள், அதில் நல்ல பிள்ளைமேல் பழி விழுந்துவிடும், நன்றாக எழுதியதற்காகவே ஒரு பிள்ளை திட்டு வாங்கும். எழுத்தை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். அரை மணி நேரம், பேனா, தாள். வீட்டில் எழுதியது என்றால் மூன்று நிமிடம் எதிரே உட்கார வைத்து, இந்த வரியை ஏன் எழுதினாய் என்று பேசுங்கள், போதும். எழுபது பேருக்கு நேரம் எங்கே என்பீர்கள். வாரம் பத்துப் பேர் என்று பிரித்துக்கொண்டால் ஒரு பருவத்துக்குள் எல்லாரையும் இரண்டு முறை பார்க்கலாம்.

நல்ல அகராதி ஒன்று சொல்லுங்கள். வாங்க வசதியில்லை என்றால்? — பாலமேடு வாசகர்

ஆக்ஸ்போர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி. வாங்க முடியாவிட்டால் அதன் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், உச்சரிப்பும் கேட்கும். மதுரைக்கு வரும்போது நத்தம் ரோட்டுக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். 2023 ஜூலையில் திறந்தது, பாலமேட்டிலிருந்து ஒரு நாள் வந்து உட்கார்ந்து படிக்க அருமையான இடம்.

எம்.ஏ. முடித்துவிட்டேன், நெட் தேறிவிட்டேன். அடுத்த மாதம் ஒரு கல்லூரியில் சேர்கிறேன். என் உச்சரிப்பு கிராமத்து உச்சரிப்பு. சிபிஎஸ்இ படித்த மாணவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று தூக்கமே வரவில்லை. — பேரையூர் வாசகி

முதலில் வாழ்த்து. 6 விழுக்காட்டில் ஒருத்தியாக வந்திருக்கிறீர்களே தங்கச்சி, அதற்குமேலும் தூக்கம் வராமல் இருக்கலாமா?

பி.பி.சி.யில் அந்தக் காலத்தில் கேட்ட உச்சரிப்பை பிரிட்டனிலேயே கொஞ்சம் பேர்தான் பேசுகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் ஒரு மாதிரி, யார்க்ஷயர்காரர் ஒரு மாதிரி. தமிழர் ஒரு மாதிரி பேசுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. மாணவருக்குப் புரிய வேண்டும் என்பதுதான் அளவு. அதற்கு நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு விஷயம்தான். ஒன்று, சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்பது. தமிழில் நாம் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியவர்கள், ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் கேட்பவருக்குச் சொல்லே வேறாகிவிடும். அகராதியில் அழுத்தக் குறி போட்டிருப்பார்கள், பாடத்தில் வரும் நீண்ட சொற்களுக்கு முந்தைய நாளே பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, தமிழில் இல்லாத ஒலிகள், முக்கியமாக ‘ஜ’ என்று நாம் மாற்றிச் சொல்லும் இசட் ஒலி. தினமும் கால் மணி நேரம் ஆங்கிலச் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்து ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரலே உங்களுக்குப் பிடிக்காது, விட்டுவிடாதீர்கள்.

சேர்ந்ததும் பகுதி இரண்டு வகுப்பைக் கொடுப்பார்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே சிபிஎஸ்இ பிள்ளை நாலு பேர் இருக்கலாம், உங்களை மாதிரியே பேரையூரிலிருந்து வந்த பிள்ளை நாற்பது பேர் இருப்பார்கள். முதல் நாள் உங்கள் ஊரையும் நீங்கள் படித்த பள்ளியையும் ஆங்கிலத்தில் சொல்லித் தொடங்குங்கள், பிறகு அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். யாராவது சிரித்தால், உங்களைப் பார்த்துச் சிரித்தாலும் சரி, இன்னொரு மாணவனைப் பார்த்துச் சிரித்தாலும் சரி, அந்த வகுப்பை அங்கேயே நிறுத்தி இங்கே தப்பாகப் பேச எல்லாருக்கும் அனுமதி உண்டு, சிரிக்க மட்டும் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். முதல் மாதம் எப்படிப் போனது என்று எழுதுங்கள்.